அகப்போரும் அருட்காவலும்: பெட்போர்டுச் சிறையில் ஜான் பன்யன்

பதினேழாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்து நாடு இருவகைப் போர்களுக்குக் களமாயிற்று. ஒன்று, முதலாம் சார்லஸ் மன்னனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே 1642 ஆம் ஆண்டில் மூண்ட உள்நாட்டுப் போர். அது வாளும் துப்பாக்கியும் கொண்டு நடந்தது. அதன் தொடக்கமும் முடிவும் வரலாற்று நூல்களில் ஆண்டுவாரியாக உள்ளன. மற்றொன்று, மாந்தர்தம் நெஞ்சத்துள் நடந்த போர். கடவுள் தம்மைக் கைவிட்டாரோ, காத்தருள்வாரோ என்னும் ஐயத்தில் எளிய மக்கள் பலர் அந்நாளில் ஊணும் உறக்கமும் துறந்து அலமந்தனர். இவ்விரு போர்களிலும் நின்று, இரண்டாவது போரின் வரலாற்றைத் தம் கையாலேயே எழுதிவைத்துச் சென்றவர் ஜான் பன்யன்.

பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628 இல் அவர் பிறந்தார். பழம்பாத்திரங்களுக்கு ஓட்டை அடைத்துக் கொடுப்பது தந்தையின் தொழில். மகனும் அதனையே கற்றார். பள்ளிப் படிப்பு எழுதவும் வாசிக்கவும் கற்ற அளவோடு நின்றது. பதினாறாம் வயதில் நாடாளுமன்றப் படையில் சேர்ந்து நியூபோர்ட் பாக்னல் என்னும் காவலூரில் பணிபுரிந்தார். அக்காலத்து நிகழ்ச்சியொன்றை அவர் பிற்காலத்தில் சுருக்கமாகக் குறித்துள்ளார். ஒரு முற்றுகைக்குச் செல்லுமாறு அவருக்குக் கட்டளை வந்தது. புறப்படும் வேளையில் மற்றொரு வீரன், தான் செல்வதாகக் கூறி அவர் இடத்தைக் கேட்டுப் பெற்றான். சென்ற இடத்தில் காவல் நின்றபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தான்.

இதனைக் கடவுளின் காவல் என்று கூறிவிடுதல் எளிது. பன்யனும் பிற்காலத்தில் அவ்வாறே கொண்டார். ஆயின், அந்த நிகழ்ச்சி அன்று தம் உள்ளத்தைச் சிறிதும் அசைக்கவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். இறந்துபட்ட அந்த வீரனுக்குக் காவல் எங்கே போயிற்று என்ற வினா நமக்கு எழுவது இயல்பே. குண்டு தப்புவதுதான் காவல் என்றால், குண்டு பட்டவன் கைவிடப்பட்டவன் ஆவான் அன்றோ? இவ்வினாவுக்குப் பன்யனின் பிற்கால வாழ்வே விடை கூறுகின்றது.

படையினின்று மீண்ட பின் அவர் மணம் புரிந்தார். வீட்டில் உண்கலமும் கரண்டியும்கூட இல்லாத வறுமை. மணமகள் கொண்டுவந்த சீர், அவள் தந்தை விட்டுச் சென்ற இரண்டு பக்தி நூல்களே. அவற்றைப் படிக்கப் படிக்கப் பன்யனுக்குத் தம் வாழ்க்கையின் மேல் வெறுப்புத் தோன்றியது. ஒருநாள் பெட்போர்டுத் தெருவில் ஏழைப் பெண்கள் மூவர் நால்வர் வாசலில் வெயிலில் அமர்ந்து, கடவுள் தம் உள்ளத்தைப் புதுப்பித்தமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். சமயம் பற்றிச் சளைக்காது பேசவல்ல அந்த இளைஞர், அவர்கள் பேச்சு தம் அறிவுக்கு எட்டாமை கண்டு வாயடைத்து நின்றார். பின்னர் அப்பெண்களைச் சேர்ந்த சிறு சபையின் ஆயராகிய ஜான் கிப்போர்டு அவருக்கு வழிகாட்டியானார்.

அதன் பின்னரே போர் கடுமையாயிற்று. கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று ஒரு குரல் தம் காதில் ஓயாது ஒலித்ததாகவும், உண்ணும்போதும் தொழில் செய்யும்போதும் அது விடவில்லை என்றும் அவர் எழுதுகின்றார். ஒருநாள் காலை சோர்ந்துபோய், அவர் விரும்பினால் போகட்டும் என்று எண்ணிவிட்டார். அவ்வளவே. தலைமகனுரிமையை ஒரு வேளை உணவுக்கு விற்ற ஏசாவின் நிலை தமக்கும் வந்துற்றது, இனி மன்னிப்பில்லை என்ற அச்சம் ஈராண்டுக்கு மேலாக அவரை வாட்டியது. அமெரிக்க உளநூல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், சமய அனுபவங்களைப் பற்றி 1902 இல் வெளியிட்ட தம் நூலில், நோயுற்ற ஆன்மாவுக்குப் பன்யனை எடுத்துக்காட்டாகக் கூறினார். அது பொருந்தாத கூற்றன்று. ஆயினும் நோய் என்று பெயரிட்டுவிட்டால் அந்த மனிதர் அதனைத் தாங்கி நின்ற வகை விளங்கிவிடாது. அந்நாளில் அவர் கைக்கு, தாள்கள் உதிரும் நிலையிலிருந்த ஒரு பழைய நூல் கிடைத்தது. கலாத்தியர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய விளக்கவுரை அது. தம் நெஞ்சின் நிலையையே கண்டு எழுதியது போன்ற அந்நூலை வேதாகமத்துக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றினார். பின்னொருநாள் வயல்வழியே நடந்து செல்கையில், தம்மைக் கடவுள்முன் நேர்மையாளராக நிறுத்துவது தம் மனநிலை அன்று, விண்ணில் உள்ள கிறிஸ்துவே என்ற தெளிவு பிறந்தது. தம் மனம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அவர் மாறுவதில்லை. எனவே காவலும் மாறுவதில்லை என்று அவர் கண்டார்.

இத்தெளிவுக்குச் சோதனை 1660 ஆம் ஆண்டில் வந்தது. இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும், அரசு ஏற்காத சபைகள் கூடி வழிபடுதல் குற்றமென்னும் பழைய சட்டம் மீண்டும் உயிர்பெற்றது. நவம்பர் 12 ஆம் நாள் லோயர் சாம்செல் என்னும் சிற்றூரில் பன்யன் பேச இருந்தார். அவரைப் பிடிக்க ஆணை பிறந்துள்ளது என்ற செய்தி முன்னரே எட்டியது. கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று நண்பர் கூறினார். தப்பிச் செல்ல வேளை இருந்தது. அவர் வெளியே வந்து புல்வெளியில் சிறிது நேரம் தனியே உலவிச் சிந்தித்தார். தைரியமாகப் பேசிய தாமே ஓடினால் புதிதாக நம்பிக்கை கொண்ட எளியோர் என்ன ஆவர் என்று எண்ணினார். திரும்பி வந்து கூட்டத்தைத் தொடங்கினார். சிறிது நேரத்தில் காவலர் வந்தனர்.

1661 சனவரியில் மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. அதன் பின்னும் பிரசங்கத்தை விடாவிடில் நாடு கடத்தல். அனுமதியின்றி மீண்டு வந்தால் தூக்கு. இன்று விடுதலை பெற்றால், கடவுள் துணையால் நாளை மீண்டும் பிரசங்கிப்பேன் என்னும் கருத்தில் அவர் விடை கூறினார். மூன்று மாதம் பன்னிரண்டு ஆண்டாக நீண்டது. இங்கே மாணவர் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அச்சிறையின் திறவுகோல் ஒருவகையில் அவர் கையிலேயே இருந்தது. இனிப் பிரசங்கிப்பதில்லை என்ற ஒரு சொல் போதும். அன்றே வீடு திரும்பியிருக்கலாம்.

வீட்டின் நிலையோ அவ்வளவு கொடியது. முதல் மனைவி இறந்துவிட்டாள். இரண்டாம் மனைவி எலிசபெத், மூத்தாளின் நான்கு குழந்தைகளுக்கும் தாயாகி ஈராண்டும் நிறையவில்லை. கணவர் கைதான அதிர்ச்சியில் அவளுக்குக் காலத்துக்கு முன்பே நோவு கண்டு, பிறந்த குழவி இறந்தது. அந்நிலையிலும் அவள் 1661 ஆகஸ்டில் பெட்போர்டுக்கு வந்த நீதிபதிகளிடம் மனுக்கொண்டு சென்றாள். ஒருமுறை அன்று, மும்முறை சென்றாள். நீதிபதி டுவிஸ்டன் சினந்து பேசினார். சர் மேத்யூ ஹேல் மட்டும் இரங்கி, செய்யத்தக்க சட்ட வழிகளை எடுத்துரைத்தார். கணவர் பிரசங்கத்தை விடுவாரா என்று கேட்டபோது, பேசும் ஆற்றல் உள்ளவரை விடமாட்டார் என்று அவள் கூறினாள். பயனின்றி வெளியேறியபோது அவள் அழுதாள். அது தன் துயர் நினைந்து அன்று, அந்த நீதிபதிகள் ஒருநாள் இறைவன்முன் கூறவேண்டிய கணக்கை நினைந்து என்று வரலாறு கூறுகின்றது. பன்யனின் நம்பிக்கையைப் பேசுவோர் இப்பெண்மணியின் நம்பிக்கையை ஒரு வரியில் முடித்துவிடுவது முறையன்று.

சிறையில் பன்யன் காலணிக் கயிறுகளுக்கு உலோக முனை பொருத்தி விற்று வீட்டுக்குப் பொருள் அனுப்பினார். நான்கு குழந்தைகளில் மூத்தவளாகிய மேரி பிறவிக் குருடு. அவள் பசியாலும் குளிராலும் வாடுவாளே, பிச்சை எடுப்பாளே, அடி படுவாளே என்ற நினைவு, எலும்பிலிருந்து தசையைப் பிய்ப்பது போன்று தம்மை வருத்தியதாக அவர் எழுதினார். தம் மனைவி மக்கள் தலைமேல் வீட்டைத் தாமே இடித்துத் தள்ளுவதாகவும் உணர்ந்தார். அப்பொழுது அவர் பற்றிக்கொண்டது எரேமியா நூலில் வரும் ஒரு வாக்குறுதி: திக்கற்ற பிள்ளைகளைக் கடவுள் காப்பார், கைம்பெண்கள் அவரை நம்பலாம் என்பது அதன் பொருள்.

இதனினும் ஆழமான இடம் ஒன்றுண்டு. சட்டம் அறியாத சிறைவாசியாதலால், தம்மைத் தூக்கிலிடுவர் என்றே அவர் தொடக்கத்தில் நினைத்தார். சாவு அவரை அச்சுறுத்தியதைவிட, தூக்கு ஏணியில் ஏறும்போது முகம் வெளிறிக் கால் நடுங்கினால் கிறிஸ்துவின் பெயருக்கு இழுக்காகுமே என்ற எண்ணம் மிகுதியாக அச்சுறுத்தியது. ஆறுதல் வேண்டி மன்றாடினார், ஆறுதல் வரவில்லை. பல வாரம் வரவில்லை. இறுதியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: ஆறுதல் தருவதும் தராததும் இறைவன் விருப்பம், அவருக்கு உண்மையாயிருப்பதோ தம் கடமை. ஏணியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது, ஏந்திக்கொள்வாராயின் ஏந்திக்கொள்ளட்டும், இல்லையாயினும் அவர் பெயருக்காகத் துணிவது. இம்முடிவு செய்த பின்னரே நெஞ்சம் அமைதியுற்றது என்கிறார். படைவீரனாய்க் குண்டு தப்பிய இளைஞர் அறிந்த காவலுக்கும், சிறையில் இம்மனிதர் அறிந்த காவலுக்கும் எத்துணைத் தொலைவு!

1672 இல் மன்னன் பிறப்பித்த சமயச் சலுகை ஆணையால் விடுதலை கிடைத்தது. 1678 இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. தமிழ்க் கிறிஸ்தவர் இதனை மோட்சப் பிரயாணம் என்னும் பெயரால் அறிவர். ஆசிரியர் வாழ்நாளிலேயே 11 பதிப்புகள் கண்ட அந்நூலில் அச்சிறையின் சுவடு எங்கும் உண்டு. பயணியின் வழியில் இரு சிங்கங்கள் நிற்கின்றன. அவை சங்கிலியால் கட்டுண்டவை. ஆனால் பயணியின் கண்ணுக்குச் சங்கிலி தெரிவதில்லை. பாதையின் நடுவே நடந்தால் தீங்கில்லை என்று வாயிற்காவலன் கூவுகின்றான். நடுங்கிக்கொண்டே அவன் நடக்கின்றான்.

அடுத்து, எபேசியர் நிருபத்தில் பவுல் கூறும் கவசங்கள் அவனுக்கு அணிவிக்கப்படுகின்றன. பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்னும் பகைவன் எதிர்ப்படுகின்றான். பயணி திரும்பி ஓடலாமா என்று எண்ணுகின்றான். ஆனால் தன் கவசங்களில் முதுகுக்கு எதுவுமில்லை என்று நினைவுக்கு வருகின்றது. எதிர்த்து நிற்பதே பாதுகாப்பு என்று நின்றுவிடுகின்றான். புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இவ்விடம் புதிதாய்த் தோன்றாது. ஆனால் வேறுபாடும் உண்டு. சேரனை நிறுத்தியது மானம். பன்யனின் பயணியை நிறுத்துவது, முன்னே வருவதைத் தாங்கும் கவசம் தனக்குத் தரப்பட்டுள்ளது என்ற நம்பிக்கை. அரைநாளுக்கு மேல் நடக்கும் அப்போரில் அவன் தலையிலும் கையிலும் காலிலும் புண்படுகின்றான். வாளும் கைதவறிப் போகின்றது. காயமில்லாத வெற்றியைப் பன்யன் எங்கும் எழுதவில்லை. அடுத்த இருட்பள்ளத்தாக்கில் வாளே பயன்படுவதில்லை. மன்றாட்டு ஒன்றே படைக்கலமாகின்றது. ஐயக் கோட்டை என்னும் சிறையில் நாள்கணக்கில் அடிபட்டுக் கிடந்தபின், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததை அவன் உணர்கின்றான். பெட்போர்டுச் சிறையில் வேறொரு திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே அதனைப் பயன்படுத்தாதிருந்தவர் எழுதியது இது.

இந்நூல் தமிழில் காப்பியமானமை தனிச் சிறப்பு. திருநெல்வேலிச் சீமையில் 1827 இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1858 இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். பிறந்த குடியின் சமயத்தை விட்டு வந்தவருக்கு, ஊரையும் உறவையும் விட்டுப் புறப்படும் பயணியின் கதை வெறும் கதையாக இருந்திராது. அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894 இல் நூலாக வெளிவந்தது. பன்யனின் கதைப்போக்கைப் பின்பற்றிய அவர் ஓரிடத்தில் தாமாகவே ஒரு பெரும்பகுதியைச் சேர்த்தார். இயேசுவின் பாடுகளையும் சிலுவை மரணத்தையும் விரித்துரைக்கும் இரட்சணிய சரிதப் படலமே அது. பன்யனின் வாசகர்க்கு அக்கதை தாய்ப்பாலோடு வந்தது. தமிழ் வாசகர்க்கோ, பயணியைக் காப்பவர் யார், அவர் தாமே எவ்வாறு காப்பாரின்றிக் கொலைக்களத்தில் நின்றார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டியிருந்தது.