துபாஷியின் வாக்கு: சோழமண்டலக் கரையில் வணிகப் பேச்சின் வரலாறு

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் துணி கொள்முதல் செய்த ஐரோப்பியக் கம்பெனிகளுக்கும் உள்நாட்டு வணிகருக்கும் இடையே நின்றவர் துபாஷி. இரு மொழி அறிந்தவர் எனப் பொருள்படும் 'துவிபாஷி' என்ற வடசொல்லின் திரிபே இப்பெயர் என்றாலும், அவரை மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் கொள்வது அத்தொழிலின் ஒரு பாதியையே காண்பதாகும்.

விலை பேசுவதற்கு மொழி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டுக்கு வந்த இத்தாலியப் பயணி வார்தமா, தரகர்கள் துணி மறைவில் ஒருவர் விரலை ஒருவர் தொட்டே விலை முடித்ததைப் பதிவு செய்துள்ளார். துண்டுக்கடியில் விரல் பிடிக்கும் அந்த வழக்கம் தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் இன்றும் காணக்கூடியது. பேச்சு தேவைப்பட்ட இடங்களில், முதலில் வந்த போர்த்துக்கீசியரின் மொழி கொச்சை வடிவில் துறைமுகங்களின் பொதுமொழியாக நிலைத்துவிட்டிருந்தது. 'ஏலம்', 'சாவி' ஆகிய சொற்கள் அதன் எச்சங்கள்.

சிக்கல் விலை முடிந்த பின்னரே தொடங்கியது. கப்பல்கள் பருவக்காற்றை நம்பி வந்து போனமையால் துணிக்குப் பல மாதங்கள் முன்னதாகவே முன்பணம் கொடுக்க வேண்டியிருந்தது; அப்பணம் வணிகர் கை மாறி ஊர் ஊராக நெசவாளரைச் சென்றடைந்தது. பாவில் 120 இழை கொண்ட 'புஞ்சம்' என்ற அலகில் நெசவாளர் துணியின் நெருக்கத்தைக் கணக்கிட, கம்பெனியின் ஏடுகளோ 20 உருப்படி கொண்ட 'கோர்ஜ்' என்ற அலகில் வரவு வைத்தன. வந்த துணியை மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கையில் கழித்துவிடப்பட்டவை யார் தலையில் விழும் என்பதே பெரும்பாலான பூசல்களின் மூலம். இங்கெல்லாம் துபாஷியும் தலைமை வணிகரும் ஈடாக வைத்தது தங்கள் வாக்கையும் உறவினர், கடன்காரர் வட்டத்தையுமே. 1680-இல் இறந்த காசி வீரண்ணா சென்னையில் ஆங்கிலேயரின் தலைமை வணிகராக ஓங்கி நின்றதற்கும் இவ்வகைப் பிணைப்பே அடிப்படை.

அரசவைகளோடு பேசும்போது மரியாதை முறைகளும் பேரத்தின் பகுதியாயின. சகலாத்து எனப்பட்ட ஐரோப்பியக் கம்பளித் துணியை யாருக்கு எவ்வளவு அளிப்பது, நஜர் என்னும் காணிக்கையை எப்போது வைப்பது, பன்னீரும் தாம்பூலமும் எந்த வரிசையில் வழங்குவது என்பவற்றில் நேரும் பிழை அவமதிப்பாகவே கொள்ளப்பட்டது. பின்னாளில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு, விருந்தினருக்கு மரியாதையாகப் போடப்பட்ட பீரங்கி வெடிகளின் எண்ணிக்கையைக்கூட விடாமல் குறிப்பதன் காரணம் இதுவே.

இந்த இடைநிலையின் ஆபத்தைப் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்ப பிள்ளையின் வழக்கு காட்டுகிறது. கவர்னர் எபேரின் ஆட்சியில், 1716-இல், கொடுமை செய்ததாகவும் கலகம் தூண்டியதாகவும் அவர் குற்றவாளியாக்கப்பட்டுக் கடைவீதியில் 50 கசையடி பெற்று, மறு ஆண்டு சிறையிலேயே மாண்டார். சாட்சிகள் தமிழில் கூறியவை போர்த்துக்கீசியத்துக்கும் அங்கிருந்து பிரெஞ்சுக்கும் மாற்றப்பட்டு நீதிமன்றத்தை அடைந்தன. இடையாளின் செல்வாக்கைக் கண்டு அஞ்சிய நிர்வாகம், அவரைத் தண்டிப்பதற்கும் இடையாட்களையே நம்பவேண்டியிருந்தது.

அத்தீர்ப்பு சில ஆண்டுகளில் தள்ளப்பட்டது. அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்குச் சென்று கிறித்துவராகி, அரசப் பட்டத்தோடு திரும்பி, 1722-இல் அதே பதவியில் அமர்ந்தார். அவருக்குப் பின் வந்த கனகராய முதலியார் 1746-இல் மறைந்த பின்னர், அப்பொறுப்பு நைனியப்பரின் மைத்துனர் மகனான ஆனந்தரங்கரிடம் வந்து சேர்ந்தது. இரு மொழி அறிந்தோர் புதுச்சேரியில் வேறு பலர் இருந்திருக்கக்கூடும். ஆயினும் வணிகர் முன்பணம் வாங்கத் துணிவதும், நெசவாளர் தறியில் பாவு ஏற்றுவதும் எவர் வாக்கை நம்பி நடந்தனவோ அவர்கள் சிலரே. கசையடி கொடுத்த வாசலுக்கே அக்குடும்பத்தைக் கம்பெனி மறுபடி அழைத்ததன் பொருள் அதுதான்.