ஐஇஎல்டிஎஸ் வாசிப்புத் தேர்வு: முதல் தலைமுறை மாணவர்கள் அறிய வேண்டியவை

அயல்நாட்டில் உயர்கல்வி பயிலப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசு வழங்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு, பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கை அனுமதி வேண்டும். ஆங்கிலத் தேர்ச்சி மதிப்பெண் நிலுவையில் இருந்தால், பெரும்பாலும் நிபந்தனையுடன் கூடிய அனுமதியே கிடைக்கிறது. தகுதியான மாணவர் ஒருவர் அரை மதிப்பெண்ணால் ஓராண்டை இழக்க நேரலாம். ஆகவே இத்தேர்வை, குறிப்பாக அதன் வாசிப்புப் பகுதியை, நாம் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம்.

தேர்வின் அமைப்பு

உயர்கல்விக்கான வாசிப்புத் தேர்வில் மூன்று நீண்ட பத்திகள், 40 வினாக்கள், 60 நிமிடங்கள். மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை இருக்கும். விடைகளைத் தாளில் எழுதத் தனி நேரம் கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. எனவே எந்த வினாவையும் வெறுமையாக விடலாகாது. ஏறத்தாழ 23 சரியான விடைகளுக்கு 6 மதிப்பெண்ணும், 30 விடைகளுக்கு 7 மதிப்பெண்ணும் கிடைக்கும். பத்து வினாக்கள் தவறினாலும் 7 பெற முடியும் என்பதை நினைவில் கொள்வோம்.

இடறும் இடம்

‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ என்னும் வினாவகையில்தான் பலர் தடுமாறுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டு: ‘1913இல் அம்பேத்கர் பரோடா அரசின் உதவித்தொகையுடன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்’ என்று பத்தி கூறுவதாகக் கொள்வோம். ‘அவர் அரசின் உதவியுடன் பயின்றார்’ என்பது சரி. ‘முழுச் செலவையும் அவரே ஏற்றார்’ என்பது தவறு. ‘அந்த உதவித்தொகை அவருக்குப் போதவில்லை’ என்பது பத்தியில் சொல்லப்படாதது. அவர் வாழ்க்கையை அறிந்த நமக்கு மூன்றாவதைச் சரி என்று குறிக்கத் தோன்றும். ஆனால் தேர்வு கேட்பது நாம் அறிந்ததை அன்று. பத்தி சொல்வதை மட்டுமே. அரசாணை ஒன்றில் என்ன எழுதப்பட்டுள்ளது, எது எழுதப்படாமல் விடப்பட்டுள்ளது என்று பிரித்துப் படிக்கும் செயற்பாட்டாளருக்கு இத்திறன் புதிதன்று.

பயிற்சி முறை

வினாக்களை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குச் செல்வது பலருக்கும் உதவும். வினாவில் உள்ள சொல் பத்தியில் அப்படியே இராது; அதே பொருள் வேறு சொற்களில் வரும். அத்தகைய இணைகளை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவரலாம். ‘இரண்டு சொற்களுக்கு மிகாமல்’ என்ற கட்டளையை மீறினாலோ, எழுத்துப்பிழை செய்தாலோ மதிப்பெண் போய்விடும். ஒரு பத்திக்கு 20 நிமிடம் என வகுத்துக்கொண்டாலும், கடினமான மூன்றாவது பத்திக்குச் சில நிமிடங்களை மிச்சப்படுத்த வேண்டும்.

பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி ஆகியவற்றின் இணையதளங்களில் மாதிரித் தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பயிற்சி மையத்திற்குப் பெருந்தொகை செலுத்துமுன் அவற்றை நேரம் வைத்து எழுதிப் பார்ப்பது நல்லது. விடுதியில் நால்வர் சேர்ந்து ஒரே தாளை எழுதி, ஒவ்வொரு விடைக்கும் பத்தியிலிருந்து ஆதாரம் காட்டி விவாதித்தால், பிழை எங்கே நேர்ந்தது என்பது விளங்கிவிடும்.

ஆங்கிலம் வீட்டுச்சொத்தாகக் கிடைத்தவர்களுக்கு இத்தேர்வில் ஒரு முன்தொடக்கம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. எனினும் வாசிப்புப் பகுதி உச்சரிப்பையோ சரளத்தையோ அளப்பதில்லை. ஆதாரத்தைத் தேடிக் கண்டடையும் பழக்கத்தையே பெரிதும் அளக்கிறது. அப்பழக்கம் பிறப்பால் வருவதன்று. பயிற்சியால் நாம் அடையக்கூடியது.