கொல்லிமலை ஏற்றமும் பெட்ரோல் பங்கின் வரலாறும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றம் தொடங்கும் முன் சேந்தமங்கலம் பக்கமே டேங்கை நிரப்பிக்கொள்வது பயணிகளின் வழக்கம். இத்தனைக்கும் இந்த மலை இருப்பது லாரித் தொழிலுக்கும் எல்பிஜி டேங்கர்களுக்கும் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில். ஊர் ஊருக்கு எரிபொருள் சுமக்கும் மாவட்டத்தின் மலைவாசிக்கு மட்டும் ஒரு லிட்டர் பெட்ரோல் ஏன் இவ்வளவு யோசனைக்குரிய பொருளாக இருக்கிறது? பங்க் எங்கே அமையும், எப்போது புதுப்பிக்கப்படும் என்பதை நெடுங்காலமாக முடிவு செய்தது, மாதத்துக்கு எத்தனை லிட்டர் விற்கும் என்ற ஒரே கணக்கு. அந்தக் கணக்கில் மலைக்கு இடம் குறைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் எரிபொருளுக்கெனத் தனி நிலையமே கிடையாது. 1888இல் பெர்த்தா பென்ஸ் தம் கணவர் உருவாக்கிய காரை ஓட்டிச் சென்றபோது, ஜெர்மனியின் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில்தான் எரிபொருள் வாங்கினார். இந்தியாவில் மண்ணெண்ணெய் விற்ற நிறுவனங்களே பெட்ரோலையும் டின்களில் விற்றன. 1928இல் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனம் உருவானது. கையால் இயக்கும் பம்புகள் நெடுஞ்சாலை ஓரங்களில் வந்தன. 1964இல் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் பிறந்தது. 1974இல் எஸ்ஸோ நிறுவனமும் 1976இல் பர்மா ஷெல்லும் அரசுடைமையாகி, முறையே இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்று இன்று நாம் அறியும் நிறுவனங்களாயின.

பிறகு நெடுங்காலம் விலையை அரசே நிர்ணயித்தது. டீலர்களுக்குள் விலைப்போட்டி இல்லை. வாடிக்கையாளரின் கவலையெல்லாம் அளவும் கலப்படமும்தான். ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் இருந்த விலை இடைவெளி கலப்படத்துக்கு வழிவிட்டது. வடிதாள் சோதனை, அடர்த்தி சோதனை, முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுகலம் ஆகியவற்றை யார் கேட்டாலும் பங்கில் காட்ட வேண்டும் என்ற உரிமை இந்த அவநம்பிக்கையிலிருந்து கிடைத்தது. மின்னணு மீட்டரையும் தானியங்கிப் பதிவையும் விட இந்த உரிமையையே நான் பெரிய நவீனமாகக் கருதுகிறேன். விலைக் கட்டுப்பாடு பெட்ரோலுக்கு 2010 ஜூனிலும் டீசலுக்கு 2014 அக்டோபரிலும் நீங்கியது. 2017 ஜூன் 16இல் விலையை நாள்தோறும் மாற்றியமைக்கும் முறை வந்தது.

அடுத்த மாற்றம் தொட்டிக்குள்ளேயே நடந்தது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 விழுக்காட்டை எட்டியது; 2025இல் 20 விழுக்காடு ஆனது. முன்பெல்லாம் நிலத்தடித் தொட்டியில் நீர் கசிந்தால் அது அடியில் தங்கும். அளவுகோலின் நுனியில் தடவிய பசை நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். எத்தனால் அப்படி விடுவதில்லை. முதலில் நீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரோடு சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். அந்த அடிக்கலவை ஏறிய வண்டி நின்றுவிடும். பழைய பசையும் இங்கே நம்பத்தக்கதன்று. மழையும் பனிமூட்டமும் மிகுந்த மலையில், விற்பனை மெதுவாக நடக்கும் பங்கில் பெட்ரோல் தொட்டியிலேயே கூடுதல் நாள் கிடக்கும். குறைவாக விற்கும் இடத்துக்குத்தான் மூடியும் தொட்டியும் கூடுதல் தரத்தில் வேண்டும். லிட்டர் கணக்கோ அங்கேதான் செலவைச் சுருக்கச் சொல்கிறது.

சிற்றூர்களை அரசு நிறுவனங்கள் மறந்துவிடவில்லை. இந்தியன் ஆயிலின் கிசான் சேவா கேந்திரங்கள் குறைந்த முதலீட்டில் எரிபொருளோடு விதையும் உரமும் விற்கும் திட்டத்துடன் வந்தன. எரிபொருள் விற்பனை உரிமத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த 2019 நவம்பர் விதிகள் இன்னும் ஒரு படி போயின. புதிதாக உரிமம் பெறும் நிறுவனம் தன் நிலையங்களில் குறைந்தது 5 விழுக்காட்டைத் தொலைதூரப் பகுதிகளில் ஐந்தாண்டுக்குள் அமைக்க வேண்டும். சிஎன்ஜி, மின்னேற்றம் போன்ற மாற்று எரிபொருள் ஒன்றையும் மூன்றாண்டுக்குள் தர வேண்டும். விற்பனை அளவு மட்டும் போதாது என்று அரசே ஒப்புக்கொண்டதால் இவ்விதி முக்கியமானது.

2023 மார்ச்சில் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 விரைவு மின்னேற்ற நிலையங்கள் அமைக்க ஒன்றிய அரசு 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. மலைக்கு இதில் தனிக் கணக்கு தேவை. 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் ஏற, உராய்வு நீங்கலாகவே சுமார் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் ஆக்கி அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் மேலே பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கினால் அந்த மின்சாரத்தைச் சேர்க்க இடமிராது. 70 வளைவுகளிலும் சுமை பிரேக்கின் மேல் விழும். ஆகவே விரைவு சார்ஜருக்குரிய இடம் அடிவாரம். மேலே நிரப்புவோரிடம் பேட்டரியில் கொஞ்சம் இடம் விடும்படி சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் சுற்றுலாக் காருக்கு. ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கும் ஆடிப்பெருக்குக்கும் திரளும் கூட்டத்துக்குப் போதலாம். மலைவாசியின் வண்டி இருசக்கரம். மலைக் கிராமங்களில் பெட்டிக்கடை பாட்டில் பெட்ரோலை நம்பி ஓடுவது அதுதான். பெட்ரோலியச் சட்டம் சொந்தத் தேவைக்கு 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்க விடுகிறது. விற்பனைக்கு வைத்திருக்க விடுவதில்லை. கடைக்காரரைப் பிடிப்பதால் தேவை தீராது. மின் ஸ்கூட்டருக்கு விரைவு சார்ஜர் வேண்டியதில்லை. வீட்டில் உள்ளது போன்ற ஒரு மின்செருகி போதும். மலைமேல் சந்தை கூடும் சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் கூரையும் மீட்டரும் உள்ள சில செருகிகளை அமைக்க ஆகும் செலவு, ஒரு நிலத்தடித் தொட்டியைப் புதைக்கும் செலவில் சிறு பங்குதான். அடுத்த ஒதுக்கீட்டில் அவற்றை முதலில் வைக்கலாம்.