இணையவழி உளவளத்துணைப் பாடங்கள்: திட்டமிடும் முறை

பாடசாலை உளவளத்துணைப் பாடம் தனிப்பட்ட ஆலோசனை அன்று. வகுப்பு முழுவதற்கும் கற்பிப்பது. அமெரிக்கப் பாடசாலை உளவளத்துணையாளர் சங்கம் இதனைக் கல்வி, தொழில், சமூக உணர்வு வளர்ச்சி என மூன்றாக வகுக்கிறது. எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் இதை இணையவழியில் தொடங்க ஆறு வாரத் திட்டம் போதும்.

முதல் வாரம், இரகசியம் காப்பதும் அதன் எல்லையும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் உரியவர்களுக்கு அறிவிக்க நேரும் என்பதை அன்றே சொல்லிவிட வேண்டும். அடுத்து உணர்வுகளுக்குப் பெயரிடல், நட்பும் சீண்டலும், படிப்பும் நேரமும், தொழில் தெரிவு. இறுதி வாரம், உதவி கேட்கும் வழிகள். பிரித்தானியாவில் 1986 முதல் இயங்கும் சைல்ட்லைனை 0800 1111 என்ற இலக்கத்தில் இலவசமாக அழைக்கலாம்.

முதல் நாள் கேட்கும் மூன்று கேள்விகளையே கடைசி நாளிலும் கேளுங்கள். தொடக்க மீதி இல்லாமல் இறுதி மீதியைச் சரிபார்க்க முடியாது.

இணையவழியில் வகுப்பறை என்பது வீடுதான். பெற்றோரின் கடிதங்களையும் வைத்தியரின் சொல்லையும் மொழிபெயர்த்துக் கொடுக்கும் பிள்ளை, அந்தப் பாரத்தை அவர்கள் முன்னால் சொல்லாது. எனவே சொந்த வீட்டைப் பற்றிக் கேட்காமல், கதை மாந்தரை வைத்துக் கேளுங்கள். பெயர் தெரியாத வாக்கெடுப்பைப் பயன்படுத்துங்கள். வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும்.

பெற்றோரே, அந்த முப்பது நிமிடமும் அடுத்த அறையில் இருங்கள்.