நிகழ்கால வினைத்திரிபு

தமிழில் நிகழ்கால வினைமுற்று பகுதி, இடைநிலை, விகுதி என்னும் மூன்று உறுப்புகளால் அமையும்: செய் + கிறு + ஆன் = செய்கிறான். இவற்றுள் பகுதியும் விகுதியும் தொன்மையானவை. நடுவில் நிற்கும் இடைநிலைதான் பிந்தி வந்தது.

காலம் மூன்று என்று தொல்காப்பியம் சொன்னாலும் நிகழ்காலத்துக்கெனத் தனி இடைநிலை எதையும் வகுக்கவில்லை. பழம்பாடல்களில் ‘செய்யும்’ என்னும் வாய்பாடே நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொதுவாக நின்றது. ‘கின்று’ சங்கத் தொகைகளுள் பிற்பட்டவற்றில் அரிதாகத் தலைகாட்டிப் பக்தி இலக்கியத்தில் பெருகியது. 13ஆம் நூற்றாண்டளவில் பவணந்தி நன்னூலில் ஆநின்று, கின்று, கிறு மூன்றையும் விதியாக்கினார். ஆநின்று வழக்கொழிந்து நெடுங்காலமாகியும் இலக்கண மாணவர் அதை ஒப்புவிப்பது நின்றபாடில்லை.

போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் முத்துக்குளித்துறையில் இருந்துகொண்டு 16ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய இலக்கணம், தமிழ் வினைகளை ஐரோப்பிய முறையில் திரித்துக் காட்டியது. 1855இல் ஜெர்மானியரான கிரௌல் வினைகளை 12 வகையாகப் பிரித்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கன் அம்முறையைச் சில மாற்றங்களோடு ஏற்றது. இத்தனை வகையும் பெரும்பாலும் இறந்தகாலத்தால் வந்த வினை. நிகழ்காலத்தில் தெரிய வேண்டியது ‘கிறு’வா, ‘க்கிறு’வா என்பதே: போகிறேன், நடக்கிறேன்.

கிழக்கிலங்கையில் காரைதீவுக்கும் ஒலுவிலுக்கும் இடைப்பட்ட நிந்தவூரின் பேச்சிலும் இவ்வேறுபாடு துலக்கமாகத் தெரியும். ‘க்கிறு’ ஏற்கும் வினைகள் ‘நடக்கிறன்’, ‘படிக்கிறன்’ எனக் கட்டுக்குலையாமல் நிற்க, மற்றவை ‘போறன்’, ‘வாறன்’ என ககரம் இழக்கின்றன. ‘தோணி போகுது’, ‘மழை பெய்யுது’ போன்ற அஃறிணை முற்றுகளில் றகரமே இல்லை. இலங்கைத் தமிழில் பரவலான ‘வாறன்’ என்பதைக் கொச்சை என்பார் உண்டு; ஆனால் நன்னூல் தரும் தன்மை ஒருமை விகுதிகளில் ‘அன்’னும் ஒன்று.

இப்பகுதி அரபு மத்ரஸா மாணவருக்குத் தமிழோடு இன்னொரு வினைத்திரிபும் பாடம். அரபு முழாரிஃ வடிவம், பழந்தமிழ்ச் ‘செய்யும்’ போலவே, நிகழ்வு எதிர்வு இரண்டையும் தாங்குகிறது. ஆனால் இடத்தைச் சொல்லின் முன்னொட்டிலேயே காட்டிவிடும். ‘அக்துபு’ என்றால் நான் எழுதுகிறேன், ‘யக்துபு’ என்றால் அவன் எழுதுகிறான். கல்முனைக்குடியில் பிறந்த மொழியியலாளர் எம்.ஏ. நுஃமான் தமிழ், அரபு இரண்டின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஆங்கிலத்தில் தனிநூலே எழுதியுள்ளார். தமிழ் வினையமைப்பை மட்டும் எளிமையாகக் கற்க விரும்புவோருக்கு அவருடைய ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ (1999) போதும்.