படியெடுத்தலும் ஏடழித்தலும்

மதுரையினின்று திருமங்கலம், டி. கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகத் தெற்கே செல்வார்க்குச் சங்கரன்கோயிலை அடையுமுன் எதிர்ப்படுவது கரிவலம்வந்தநல்லூர். இவ்வூர்ப் பால்வண்ணநாதர் திருக்கோயிலில் பாண்டிய மன்னர் தொகுத்த ஏட்டுச்சுவடிகள் இருந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் அவற்றைத் தேடிச் சென்றபோது, அவை நெய்யில் தோய்க்கப்பெற்று வேள்வித்தீயில் இடப்பட்டன என்னும் விடையே கிடைத்தது. பழைய ஏடுகளை அங்ஙனம் செய்தல் ஆகமவிதி என்று காரணமும் கூறப்பட்டது. 1940ஆம் ஆண்டு தொடங்கி ஆனந்த விகடனில் வெளிவந்த தம் சரித்திரத்தில் ஐயரவர்கள் இதனை வருந்தி எழுதியுள்ளார்கள்.

சிதைந்த ஏட்டுக்குப் புதுப்படி எழுதிக்கொண்ட பின்னரே பழையதனைத் தீக்கு அளித்தல் முன்னோர் முறை. பின்வந்தோர் எழுதுதலை மறந்து எரித்தலை மட்டும் போற்றினர் என்பது ஐயரவர்கள் காட்டிய குறை.

அற்றேல், படியெடுத்தபின் மூலம் வேண்டாவோ எனின், வேண்டும் என்க. ஏட்டில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களும், ரகரமும் காலும் வேற்றுமையின்றி நிற்கும். ஆகலின் எழுதுவோர் மயங்குதல் இயல்பு. ஒரு படியின் பிழையை மற்றொரு படியே காட்டும். பல ஏடுகளை ஒப்புநோக்கியே ஐயரவர்கள் 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார்கள்.

இக்காலத்து இவ்வினா புதுவடிவில் எழுந்துள்ளது. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுதற்பொருட்டு அமெரிக்க நாட்டு ஆந்திரோபிக் நிறுவனம் இலட்சக்கணக்கான அச்சுநூல்களை விலைக்கு வாங்கி, கட்டறுத்து, ஒளிப்படி எடுத்துத் தாள்களைக் கழித்துவிட்டமை 2025 ஜூன் மாதத்து நீதிமன்றத் தீர்ப்பால் உலகறிந்தது. வாங்கிய நூல் அழிய அதனிடத்தே ஒளிப்படி ஒன்றே நின்றமையும், அது வெளியார்க்கு வழங்கப்படாமையும் நோக்கி, வாங்கிய நூல்களளவில் அச்செயல் சட்டத்துக்கு இயைந்ததென நீதிபதி முடிவு செய்தார். மூலத்தின் அழிவே படியின் நேர்மைக்குச் சான்றாயிற்று.

அறநோக்கில் வினா வேறு. பல்லாயிரம் படிகள் உலவும் நூலில் ஒன்று குறைதலால் அந்நூல் மாயாது. அருகிய பதிப்பாயின் அவ்வொன்றே எல்லாமாம். அன்றியும், கோயிற்படி பின்வரும் கற்போர்க்கென எழுதப்பட்டது. பொறிக்கென எடுத்த படியோ நிறுவனத்துள்ளேயே அடங்குவது.

புதுச்சேரியிற் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் பேணும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அங்கே ஒளிப்படியும் எடுக்கப்பட்டது, ஏடும் காக்கப்பட்டது. ஐயம் நேர்ந்துழி ஏட்டையே நோக்கலாம்.

படி கற்போர்க்கு எட்டுதலும், மூலம் ஒப்புநோக்குதற்கு எஞ்சுதலும் ஆகிய இரண்டும் அமைந்தவழியே படியெடுத்தல் நூலைப் பேணுதலாம். இரண்டும் இல்லாதவழி, கரிவலம்வந்தநல்லூரில் நிகழ்ந்ததற்கும் அதற்கும் வேற்றுமை சிறிதே என்க.