சொல்லும் சட்டியும்: கோலசிலாங்கூர்த் தோட்டத் தமிழரின் மொழிப்பழக்கமும் உணவுப்பழக்கமும்

புலம்பெயர்ந்தோர் புதிய நாட்டில் வேரூன்றும் விதத்தை ஆராய்வோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை எழுப்புவர். அந்நாட்டு மொழியை அவர்கள் எவ்வளவு கற்றனர் என்பது ஒன்று. எதைச் சமைத்து உண்டனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று கைகோத்துச் செல்வன என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழரின் வரலாறு இவ்வெண்ணத்துக்கு இடம் தருவதாக இல்லை. இங்கு அடுப்படி விரைவில் மாறியது. மொழியோ நெடுங்காலம் லயத்தின் எல்லையைத் தாண்டவில்லை. தொழிலாளரின் ஆர்வமின்மையே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அவ்வாறு சொல்லியும் வந்திருக்கிறார்கள். தோட்ட நிருவாகம் அமைந்திருந்த முறையே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இக்கேள்வி நமக்குக் கோலசிலாங்கூரில் எழவில்லை. நார்வே நாட்டில்தான் எழுந்தது. முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டு ஒஸ்லோவில் தங்கியிருந்த காலத்தில், ஈழத்தமிழர் இல்லங்களில் உணவருந்தும் வாய்ப்பு நமக்குப் பலமுறை கிட்டியது. நார்வேக்கு முதலில் சென்ற தமிழராக அறியப்படுபவர் அந்தோனி இராசேந்திரம். அவர் 1956இல் அங்குச் சென்றார். பின்னர்க் காரைநகரில் ‘சீநோர்’ என்னும் மீன்பிடித் தொழில் நிறுவனம் உருவாக அவரது முயற்சி வழிவகுத்தது. அவரைத் தொடர்ந்து 1970களிலும் 1980களிலும் யாழ்ப்பாண இளைஞர் பலர், தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத ‘மக்கள் உயர்பள்ளி’ எனப்படும் விடுதிப்பள்ளிகளில் சேர்ந்து அந்நாட்டுக்குள் நுழைந்தனர். அங்கு முதற்பாடம் நார்வே மொழியே. பின்னர் வடகோடியிலுள்ள ஃபின்மார்க் மாநிலத்து மீன் ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தபோது, பள்ளியில் கற்ற நூல்மொழி வேறு, ஆலையில் உடன்வேலை செய்வோர் பேசும் வட்டாரமொழி வேறு என்பதையும் கண்டனர். இருப்பினும் அம்மொழியைப் பேசாமல் அவர்கள் ஒரு நாளையும் ஓட்ட இயலவில்லை. அந்த ஆலையில் தமிழில் வேலையேவும் துரை ஒருவரும் இல்லை. 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அறிமுகத் திட்டச் சட்டம் புதிதாக வரும் அகதிகள் மொழி கற்பதை அரசின் பொறுப்பாகவும் வந்தவர் கடமையாகவும் ஆக்கியது. சமையலறையோ இதற்கு நேர்மாறு. லொஃபோட்டன் தீவுகளில் மரச்சட்டங்களில் தொங்கவிட்டு உப்பின்றி உலர்த்தப்படும் காட் மீனைக் கண்டதும் அவர்களுக்குக் கருவாடு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. அம்மீன் குழம்பில் வெந்தது. ஆயினும் குழம்பு யாழ்ப்பாணத்துக் குழம்பாகவே இருந்தது.

நாடு திரும்பிய பின்னர், இந்த வரிசை நம் ஊரில் ஏன் தலைகீழாக நிகழ்ந்தது என்று எண்ணலானோம்.

பாசிர் பெனம்பாங், கோலசிலாங்கூர் நகருக்கு எதிரே சிலாங்கூர் ஆற்றின் மறுகரையில் உள்ளது. ‘பாசிர்’ என்பது மணல். ‘பெனம்பாங்’ என்பது ஆள்களை அக்கரை சேர்க்கும் படகைக் குறிக்கும். சீன மீனவர் மிகுந்த ஊர் இது. இன்று கடலுணவு உண்ண வருவோரால் பெயர்பெற்றுள்ளது. இதனைச் சூழ்ந்த நிலப்பரப்பில், ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களை ஒட்டி, இரப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோட்டங்களும் பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களும் எழுந்தன. வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் வரை நெல்வயல்கள் விரிந்தன. ஆகவே மலாய்க் கம்பம், சீன மீனவர் துறை, தமிழர் லயம் ஆகிய மூன்றும் சில கல் தொலைவுக்குள்ளேயே இருந்தன. மொழி கலப்பதற்கு இதைவிட ஏற்ற நிலப்பரப்பு அரிது. ஆனால் கலப்பு எதிர்பார்த்த அளவுக்கு நிகழவில்லை.

இங்கு மொழி கற்றவர் யார் என்று பார்த்தால், முதலில் தென்படுபவர் தோட்டத் துரைதான். பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோக்கோனியே 1905இல் மலாயாவுக்கு வந்தார். கிள்ளானில் ஒரு தோட்டக்காரரிடம் தொழில் பழகியபோதே மலாயையும் தமிழையும் கற்றுக்கொண்டார். பின்னர்ச் சிலாங்கூர் ஆற்றையொட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் தமது தோட்டத்தை உருவாக்கினார். மலாயாவில் வணிக நோக்கிலான முதல் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் அவரது நிறுவனத்தாரால் நடப்பட்டது. அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரைக் கேட்ட அளவிலேயே அந்நிலத்தில் எம்மொழி வழங்கியது என்பது விளங்கும். மலாயாவைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. ஃபோக்கோனியே இலக்கிய நாட்டம் உடையவர். அவரை எல்லாத் துரைமாருக்கும் சான்றாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும் தமிழ் பேசத் தெரிந்திருப்பது வெள்ளைக்காரத் துரையின் தொழில் தகுதிகளுள் ஒன்றாகவே கருதப்பட்டது. அதற்கெனக் கைந்நூல்கள் இருந்தன. தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்காக இலங்கையில் 1915இல் வெளிவந்த ஒரு நூலின் தலைப்பே ‘கூலித் தமிழ்’ என்பதாகும். ‘வா’, ‘போ’, ‘வெட்டு’, ‘சுமை’ என்னும் ஏவல் வினைகள் மலிந்த தமிழ் அது. மரியாதைப் பன்மைக்கு அதில் பெரிதாக வேலையில்லை.

முதலாளி தொழிலாளியின் மொழியைக் கற்பது மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பெருந்தன்மையாகத் தோன்றலாம். அதன் விளைவை நோக்கினால் வேறொன்று புலப்படும். துரை தமிழ் பேசினார். கிராணியும் கங்காணியும் தமிழ் பேசினர். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது முதல் சம்பளம் போடுவது வரை அனைத்தும் தமிழிலேயே நடந்தன. ஆதலால் தொழிலாளிக்கு வேறொரு மொழி தேவைப்படவில்லை. தேவைப்படாத ஒன்றை அவர் கற்கவில்லை. கற்காததால் தோட்டத்துக்கு வெளியே வேறு வேலை தேடிச் செல்லவும் அவரால் இயலவில்லை. துரைமாரின் தமிழ் லயத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட வேலியாகவே பயன்பட்டது எனலாம்.

பள்ளியும் அவ்வேலிக்கு உள்ளேயே இருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்த தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பள்ளிகள் தோன்றின, தமிழ் நிலைத்தது. அதற்காக நாம் நன்றியுடையோம். தமிழாசிரியராகிய நம்மிற் பலர் அப்பள்ளிகளின் வழிவந்தவர்களே. ஆயினும் கம்பத்துப் பிள்ளையோடு உரையாடத்தக்க மலாயை அப்பள்ளி கற்பிக்கவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. மலாய் கட்டாயப் பாடமாக இடம்பெற்றது 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கைக்குப் பின்னரே.

எனினும் சொற்கள் வேலியை மதிப்பதில்லை. தோட்டத் தமிழில் மலாய்ச் சொற்கள் வேண்டிய அளவு புகுந்தன. இரப்பர் ‘கித்தா’ ஆயிற்று. மலாய்ச் சிற்றூர் ‘கம்பம்’ ஆயிற்று. ஒப்பந்தத்தில் வந்தவர் ‘சஞ்சிக்கூலி’ எனப்பட்டார். இச்சொல் ‘ஜஞ்சி’ என்னும் மலாய்ச் சொல்லின் வழிவந்தது என்பர். பால் சுமக்கும் தடி ‘காண்டா’ ஆனது. இவற்றைப் பேசியவர், தாம் மலாய் பேசுவதாக ஒருபோதும் எண்ணியதில்லை. எதிர்த்திசையிலும் சொற்கள் சென்றன. கறி, கஞ்சி, ஆப்பம், கடை ஆகியவை ‘காரி’, ‘காஞ்சி’, ‘ஆப்பாம்’, ‘கெடாய்’ என மலாயில் வழங்குகின்றன. இவை தோட்டக் காலத்துக்கு மிக முற்பட்ட வணிக உறவின் எச்சங்கள். இப்பட்டியலில் உணவுச் சொற்களே முன்னிற்பது தற்செயலன்று என்பது நம் துணிபு.

இனி அடுப்படிக்கு வருவோம். உதவிக் குடியேற்றம் நடைபெற்ற காலத்தில், அதாவது 1938 வரை, தோட்டத் தமிழரின் உணவு ரங்கூன் புழுங்கலரிசி, பருப்பு, புளி, மிளகாய், கருவாடு என்னும் வட்டத்துக்குள் சுழன்றது. இவற்றுள் பல கப்பலில் வந்தவை. கீரையும் மீனும் கப்பலில் வர முடியாது. அவற்றை அக்கம்பக்கத்தில்தான் பெற வேண்டும். இங்குதான் தோட்டத்துப் பெண்கள் வரலாற்றுக்குள் வருகிறார்கள். ஆவணங்களில் ‘பெண் கூலி’ என்று எண்ணிக்கையாக மட்டும் தோன்றும் அவர்களே கம்பத்துப் பெண்களிடமிருந்து கங்கோங் கீரையையும் மரவள்ளிக் கொழுந்தையும் வாங்கப் பழகினர். மீன்காரச் சீனரிடம் பேரம் பேசினர். பிலாச்சானை முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டும் பின்னர் விருப்பத்தோடும் அம்மியில் அரைத்தனர். சம்பல், செராய், பாண்டான் இலை, கிச்சாப் ஆகியவை ஒவ்வொன்றாக நுழைந்தன. இவற்றைப் புகுத்துமாறு எவரும் ஆணையிடவில்லை. எந்த ஆண்டில் எது நுழைந்தது என்று காட்டும் ஆவணம் எதையும் நாம் கண்டதில்லை. ஆனால் அவ்வட்டாரத்து மூத்த பெண்டிரிடம் ‘உங்கள் அம்மாவின் சமையல்’ பற்றிக் கேட்டால், ஊரிலிருந்து வந்த பாட்டியின் குழம்புக்கும் தம் குழம்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்கின்றனர். இத்தகைய வாய்மொழிச் சான்றுகளை நம் துறை இன்னும் முறையாகத் தொகுக்கவில்லை. இது நம் குறை.

சப்பானியர் ஆட்சி (1942-1945) இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. பர்மா அரிசி நின்றுபோயிற்று. சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் ஆண்கள் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் மீளவில்லை. எஞ்சியோர் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்தும் மாவாக்கிப் புட்டவித்தும் பசியாறினர். கிழங்கின் நச்சுப்பாலை நீக்கிச் சமைக்கும் பக்குவம் உயிர்காக்கும் அறிவாயிற்று. கம்பத்தாரோடு பண்டமாற்று செய்ய வேண்டிய நெருக்கடியில் மலாய்ப் பேச்சும் சற்றே வளர்ந்தது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் அரிதான அக்காலத்தில் செந்நிறச் செம்பனை எண்ணெய் சமையலுக்குப் பயன்பட்டது. 1917இல் தென்னமரத்தில் தமிழர் கைகள் நட்ட மரத்தின் எண்ணெய் இன்று மலேசியச் சமையலறைகளில் மட்டுமன்றித் தமிழ்நாட்டுச் சமையலறைகளிலும் பாமாயிலாகக் கொதிக்கிறது. நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அத்தோட்டத்தில் இன்று வீடில்லை என்பது வேறு கதை.

1957க்குப் பின்னர் மொழி, வாழ்வுரிமை சார்ந்த ஒன்றாக மாறியது. பதிவின் வழிக் குடியுரிமை பெறுவதற்கு மலாயில் அடிப்படை அறிவு வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. அரை நூற்றாண்டுக்காலம் அம்மொழியே தேவையில்லாதவாறு அமைக்கப்பட்ட உலகில் வாழ்ந்தவர்கள் அதனைத் திடீரென எங்கே கற்பது? எழுதப் படிக்கத் தெரியாமை, பிறப்புப் பத்திரமின்மை, தோட்டத்தைவிட்டு நகருக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய நிலை ஆகியவையும் சேர்ந்துகொண்டன. விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டோர் பலர். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோருக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியபோது இதன் விலை தெரிந்தது. 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்லாயிரவர் கப்பலேறி இந்தியா திரும்பினர். தங்கிவிட்டோருள் ஒரு பகுதியினர் சிவப்பு அடையாள அட்டையோடே முதுமை எய்தினர். அறுபது வயதைக் கடந்த அத்தகையோருக்குக் குடியுரிமை வழங்குவது பற்றி 2018இலும் அரசு அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

அவர்களுள் ஒருவரை நாம் அறிவோம். ஜெராமுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்வெட்டி, பிள்ளைகளை ஆளாக்கியவர். குடியுரிமைக்கு இருமுறை விண்ணப்பித்தார். நேர்முகத்தில் நாட்டின் கோட்பாடுகளைப் பற்றி மலாயில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு அவரால் விடை கூற இயலவில்லை, நாவெழவில்லை என்றார். பிறிதொரு நாள் அவரோடு பாசிர் பெனம்பாங் மீன்துறைக்குச் சென்றிருந்தோம். கெம்போங், தெங்கிரி, பாரி, பாவால் என ஒவ்வொரு மீனையும் மலாயில் பெயர் சொல்லிக் கேட்டார். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்கப் பார்த்த சீனரை மலாயிலேயே மடக்கினார். விலையைக் குறைத்து, நண்டு இரண்டைக் கூடுதலாகவும் பெற்றுக்கொண்டார். ‘பாவால்’ நம் வாவல் மீனே என்று நாம் சொன்னபோது அதில் அவருக்கு வியப்பேதும் ஏற்படவில்லை.

அன்று அவர் வீட்டில் வாவல் மீன் குழம்பு. கொதி வந்ததும் தண்டு ஒன்றை அம்மிக்குழவியால் நசுக்கிச் சட்டியில் போட்டார். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டோம்.

“செராய்தான் தம்பி, வேற என்ன பேரு?” என்றார்.